ரவுட்டரைப் பாம் ஷெல்டரில் பூட்டி வைக்கலாமா?

"வீட்டில் இணையம் ரொம்ப மெதுவாக இருக்கிறது, பெரிய திட்டத்துக்கு மாறலாமா?" இந்த வாரக் கருத்தரங்கிற்கு அதிகம் வந்த கேள்வி இதுதான். மாறுவதற்கு முன் நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் ரவுட்டர் எந்த அறையில் இருக்கிறது?

ரவுட்டரைத் தமிழில் 'திசைவி' என்கிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் சிம் லிம் ஸ்குவேரில் போய்த் திசைவி கேட்டால் வெறுங்கையுடன்தான் திரும்ப வேண்டியிருக்கும். ஆகவே ரவுட்டர் என்றே சொல்கிறேன்.

சிங்கப்பூரில் வீட்டு இணையம் பெரும்பாலும் கண்ணாடியிழை வழியாக வருகிறது. சுவரில் இருக்கும் சிறு பெட்டியில் அந்த இழை முடிகிறது. அதையடுத்து இருக்கும் 'ஓஎன்டி' என்ற கருவி, ஒளியாக வரும் தகவலை மின் சமிக்ஞையாக மாற்றித் தருகிறது. அதை வீட்டிலுள்ள கைப்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி என்று எல்லாவற்றுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது ரவுட்டரின் வேலை. சில வீடுகளில் இந்த இரண்டும் ஒரே பெட்டியாக இருக்கும்.

1998ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த குடிமைத் தற்காப்பு முகாம் சட்டத்திற்குப் பிறகு கட்டப்பட்ட வீவக வீடுகள் பலவற்றில் பாம் ஷெல்டர் உண்டு. குண்டு விழுந்தால் ஒளிவதற்கென்று கட்டியது. நாம் அதில் அரிசி மூட்டை, பயணப் பெட்டி, தீபாவளி முறுக்கு டின் எல்லாம் வைத்திருக்கிறோம். இழை வந்து முடியும் இடம் பக்கத்தில் இருந்தால் ரவுட்டரும் உள்ளே போய்விடுகிறது. பார்வைக்கு வீடு சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் கம்பி வைத்துக் கட்டிய தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் குண்டுச் சிதறலைத் தடுப்பதுபோல் வைஃபை அலையையும் தடுக்கும். கடைசி அறையில் படிக்கும் பிள்ளைக்கு இணைய வகுப்பு அறுந்து அறுந்து வந்தால் அதில் வியப்பென்ன?

ஓஎன்டி உள்ளேயே இருக்கட்டும். அதிலிருந்து ஒரு கேபிளை வெளியே கொண்டுவந்து, ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதியில், இடுப்புக்கு மேலான உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். கேபிளுக்காக ஷெல்டர் சுவரைத் துளைத்துவிடாதீர்கள். அது உயிர் காக்கும் சுவர். இஷ்டப்படி கைவைக்க விதிகள் இடம் கொடுப்பதில்லை. மீன் தொட்டிக்கும் பெரிய கண்ணாடிக்கும் பின்னால் ரவுட்டரை மறைக்க வேண்டாம். தண்ணீர் அலையை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடியின் உலோகப் பூச்சு அதைத் திருப்பிவிடும். மூடிய அலமாரியும் ஆகாது. ரவுட்டர் நாள் முழுக்க ஓடுகிற கருவி, வெக்கை தாங்காது.

ரவுட்டர் பொதுவாக இரண்டு அலைவரிசைகளில் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டித் தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் ஓரிரு சுவர்களிலேயே களைத்துவிடும். மேல் வீடு, கீழ் வீடு, எதிர்வீடு என்று எல்லாருடைய ரவுட்டரும் அந்த 2.4இல்தான் நெருக்கியடிக்கின்றன. போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. குழம்பைச் சூடாக்கும் நேரத்தில் படம் நின்று நின்று ஓடினால் காரணம் அதுவாகவும் இருக்கலாம். ரவுட்டருக்கு அருகிலுள்ள கருவிகளை 5இல் இணைத்துவிடுங்கள். 2.4இல் 1, 6, 11 ஆகிய தடங்கள் ஒன்றோடொன்று மோதாதவை; அவற்றில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கலாம்.

இப்போது பெரிய திட்டத்துக்கு வருவோம். நாடு முழுவதும் 10 கிகாபிட் வேகத்திற்கு வழிசெய்ய 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடப்படும் என்று அரசாங்கம் 2024இல் அறிவித்தது. நல்லது. ஆனால் உங்கள் ரவுட்டரின் துளை 1 கிகாபிட் மட்டுமே தாங்கும் என்றால் நீங்கள் மாதாமாதம் கட்டும் கூடுதல் பணம் வீண். முதலில் மடிக்கணினியைக் கேபிள் மூலம் ரவுட்டரில் செருகி வேகத்தைச் சோதியுங்கள். அங்கே வேகம் சரியாக இருந்து, அறையில் மட்டும் குறைந்தால், கோளாறு வைஃபையில், திட்டத்தில் இல்லை.

அடுத்தது பாதுகாப்பு. "என் வீட்டில் திருட என்ன இருக்கிறது?" என்று ஒரு நேயர் கேட்டார். திருட்டு மட்டும் அல்ல, ஐயா. பூட்டு இல்லாத வைஃபை வழியாக யாரோ செய்த குற்றத்தின் தடம் உங்கள் வாசலுக்குத்தான் முதலில் வரும். டோ பாயோ பேருந்து நிலையத்தில் குண்டு என்று இணையத்தில் புரளி கிளப்பிய 21 வயது இளைஞருக்கு 2007இல் சிறைத் தண்டனை கிடைத்தது. அவர் பயன்படுத்தியது மறைச்சொல் இல்லாத இன்னொருவருடைய கம்பியில்லா இணையம். அதே ஆண்டு, அண்டை வீட்டு இணையத்தில் புகுந்த 17 வயது மாணவருக்கு 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது.

ஆகவே இரண்டு மறைச்சொற்களையும் கவனியுங்கள். ஒன்று வைஃபைக்கு, மற்றது ரவுட்டரின் அமைப்புகளுக்குள் நுழைய. இரண்டாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய ரவுட்டர்களில் அது 'அட்மின்' என்றே இருக்கும், உலகத்துக்கே தெரியும். 2016இல் பரவிய 'மிராய்' என்ற தீங்குநிரல் இப்படிப்பட்ட மாற்றப்படாத மறைச்சொற்களை வைத்தே இலட்சக்கணக்கான கருவிகளைக் கைப்பற்றியது. சிங்கப்பூரில் 2021 ஏப்ரல் 13 முதல் விற்பனைக்கு வரும் ரவுட்டர்களுக்குத் தனித்தனி மறைச்சொல் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு முன் வாங்கியதாக இருந்தால் இன்றே பாருங்கள். உலாவியில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று தட்டினால் பெரும்பாலும் அமைப்புப் பக்கம் திறக்கும். திறக்காவிட்டால் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் முகவரி இருக்கும். பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ3, இல்லையேல் டபிள்யூபிஏ2 தேர்ந்தெடுங்கள். டபிள்யூஇபி மட்டும் வேண்டவே வேண்டாம்; அதன் ஓட்டை 2001லேயே அம்பலமாகிவிட்டது. தானியங்கிப் புதுப்பிப்பை முடுக்கிவிடுங்கள். தயாரிப்பாளர் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட ரவுட்டர், விளக்கு எரிந்தாலும், மாற்ற வேண்டியதுதான்.

விருந்தினருக்கென்று தனி வைஃபை இருக்கும். வருகிறவர்களுக்கும், மலிவாக வாங்கிய கேமராக்களுக்கும் அதைக் கொடுங்கள்.

நிறைவாக ஒரு பாட்டி கேட்டது: "தம்பி மகன்தான் எல்லாம் செய்து கொடுத்தான், இப்போது வேலைக்கு ஆஸ்திரேலியா போகிறான். மறைச்சொல்லைத் தாளில் எழுதி வைக்கலாமா?" தாராளமாக எழுதுங்கள், பாட்டி. வீட்டு இழுப்பறைக்குள் வையுங்கள். ரவுட்டரின் மேலேயோ வாசல் பக்கத்திலோ ஒட்ட வேண்டாம். அவர் கிளம்புவதற்கு முன், அமைப்புப் பக்கத்தின் மறைச்சொல்லையும் மறக்காமல் கேட்டு அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.