மாத்திரையில் இல்லாத ஹார்மோன்

உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை லூயிஸ் பிரவுன், 1978 ஜூலை 25 அன்று நள்ளிரவுக்குச் சற்று முன், இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் சிசேரியன் மூலம் பிறந்தார். தாய் லெஸ்லிக்கு பிபி ஏறியிருந்தது. கருத்தரிப்பு சிகிச்சையும் கர்ப்பகால ரத்த அழுத்தமும் தொடக்கத்திலேயே கைகோத்துக்கொண்டன.

கர்ப்பமாகி 20 வாரம் கடந்தபின் பிபி 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் வெளியேறினால் அது ப்ரீஎக்லாம்ப்சியா. முற்றினால் வலிப்பு வரும். தாய், சேய் இருவரின் உயிருக்கும் ஆபத்து. முதல் பிரசவம், இரட்டைக் கரு, உடல் பருமன், அதிக வயது எனக் காரணங்கள் பல. கருத்தரிப்பு சிகிச்சையில் கையாளும் ஹார்மோன் முறையும் அண்மையில் இந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது.

மாதந்தோறும் கருமுட்டை வெளியேறியதும், அது இருந்த பை மஞ்சள் நிறத் திசுவாக மாறும். 'கார்பஸ் லூட்டியம்' என்பது இதுதான். அளவில் சிறியது, ஆனால் நஞ்சுக்கொடி வளர்ந்து பொறுப்பேற்கும்வரை கர்ப்பத்தைத் தாங்குவது இதுவே. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஆகியவற்றுடன் ரிலாக்ஸின் என்ற ஹார்மோனையும் சுரக்கிறது. ரத்த நாளங்களைத் தளர்த்தி, கூடுதல் ரத்த ஓட்டத்துக்குத் தாயின் உடலைத் தயாராக்குவது ரிலாக்ஸின்.

சோதனைக்குழாய் முறையில் உருவாக்கி உறைய வைத்த கருவைக் கருப்பையில் வைக்கும்போது பல மருத்துவமனைகள் மாத்திரையாலேயே கருப்பையைத் தயார்செய்கின்றன. தேதி குறிக்க வசதி. ஆனால் இம்முறையில் முட்டை வெளியேறாது. மஞ்சள் திசுவும் உருவாகாது. மற்ற இரண்டு ஹார்மோன்களும் மருந்தாகக் கிடைத்துவிடும், ரிலாக்ஸின் கிடைக்காது. 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மாத்திரை முறையில் கருவுற்றோரில் 12.8 சதவீதம் பேருக்கு ப்ரீஎக்லாம்ப்சியா வந்தது. இயற்கைச் சுழற்சியை ஒட்டிய முறையில் 3.9 சதவீதம்தான்.

பழியெல்லாம் மாத்திரை மேல் போட முடியாது. லெஸ்லிக்கு இயற்கைச் சுழற்சியில்தான் முட்டை எடுத்தார்கள். அவருக்கும் பிபி வந்ததே! மாதவிலக்கு சீராக இல்லாதவர்களுக்கு மாத்திரை முறை தேவைப்படவும் செய்யும்.

ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குத் தடுப்பு வழியும் உண்டு. முதல் மூன்று மாத முடிவிலிருந்து 36 வாரம்வரை தினமும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்த 2017 ஆய்வில், 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வேண்டிய அளவுக்கு ப்ரீஎக்லாம்ப்சியா வந்தவர்கள் 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தார்கள்.

மாதவிலக்கு சீராக வரும் பெண்கள், "எனக்கு இயற்கைச் சுழற்சியிலேயே கருவை வைக்க முடியுமா, டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். ஆஸ்பிரின் தேவையா என்பதையும் அவரிடமே கேளுங்கள். நீங்களாக எதையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.