படகிலே அடுப்பு

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை போன்ற கடற்கரை ஊர்களினின்று நம்மவர் பலர் கொச்சித் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டு ஆழ்கடல் மீன்பிடிக்கச் செல்கின்றனர். ஒருமுறை புறப்பட்டால் கரை காணப் பல நாள், சில வேளை பல வாரம் ஆகும். அத்தனை நாளும் சோறு பொங்குவது படகிலுள்ள ஓர் அடுப்பிலேதான். வீட்டில் தீப்பிடித்தால் வெளியே ஓடிவிடலாம். நடுக்கடலில் எங்கே ஓடுவது? ஆதலின், அடுப்பைத் தேர்ந்தெடுப்பதும் அதனைக் கையாள்வதும் உயிரைப் பற்றிய செய்திகளாகும்.

முதலில் எரிபொருளைக் கருதுவோம். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை, சிந்தினாலும் துடைத்துவிடலாம். எனினும் பம்ப் ஸ்டவ்வில் எண்ணெயை ஆவியாக்கும் பகுதி நன்கு சூடேறுமுன் காற்றடித்தால் எண்ணெய் பீறிட்டு எரியும். எரியும் ஸ்டவ்வில் எண்ணெய் ஊற்றுதல் கூடாது. பெட்ரோல் கலப்பதோ பெருங்கேடு. கரியடுப்பு எளிதாயினும், மூடிய அறையில் அது வெளியிடும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லவல்லது.

சமையல் வாயு விரைந்து சமைக்க உதவும். ஆயின் அது காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. வீட்டில் கசிந்த வாயு கதவின் கீழாக வெளியேறக்கூடும். படகிலோ அது கிண்ணத்தில் நீர் தேங்குவதுபோல் அடித்தட்டிலே தேங்கி நிற்கும். நூறு பங்கு காற்றில் ஏறத்தாழ இரண்டு பங்கு வாயு கலந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். கசிவை உணர்த்த வாயுவில் நாற்றப் பொருள் சேர்த்திருக்கின்றனர். ஆனால் மீன் வாடையும் டீசல் வாடையும் சூழ்ந்த படகில் மூக்கை மட்டும் நம்புதல் தகாது. வாயுவை அறிவிக்கும் கருவியைத் தாழ்வான இடத்தில் பொருத்துக.

சிலிண்டரை எஞ்ஜின் அறையிலோ உறங்கும் அறையிலோ வைக்கலாகாது. மேல்தளத்தில் வெயில் படாத பெட்டியில் நிமிர்த்திக் கட்டிவைக்க வேண்டும். பெட்டியின் அடியில் ஒரு துளையிட்டு, கசியும் வாயு படகுக்குள் இறங்காது கடற்பக்கம் வெளியேற வழிசெய்க. அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் அமைப்புள்ள அடுப்பே படகிற்கு ஏற்றது. அடுப்பைத் தளத்தோடு திருகிப் பிணித்து, பாத்திரம் வழுக்காதபடி சுற்றிலும் கம்பி கட்டுக. ஆழமான பாத்திரத்தில் பாதியளவே கொதிக்கவிடுக. ரப்பர் குழாயின் மேல் அச்சிட்ட காலக்கெடுவைப் பாருங்கள். இணைப்புகளைச் சோப்பு நீர் தடவிச் சோதியுங்கள். தீக்குச்சி கொண்டு சோதித்தல் பேதைமை.

வாயு நாற்றம் வந்தால் சுடரை அணைத்து, சிலிண்டரை மூடி, எல்லாத் திறப்புகளையும் திறந்துவிடுக. மின் விசையைத் தொடாதீர், எஞ்ஜினைக் கிளப்பாதீர். அடித்தட்டு நீரை இறைப்பதுபோல் பிளாஸ்டிக் வாளியால் வாயுவையும் முகந்து கடலில் கொட்டலாம். எண்ணெய்ச் சட்டி தீப்பற்றினால் நீர் ஊற்றாது மூடியால் மூடுக. உலர்தூள் தீயணைப்பான், கை நீட்டினால் எட்டும் தொலைவில், ஆயினும் அடுப்பிற்கு நேர் மேலின்றி இருத்தல் நன்று.

சமையல் முடிந்ததும் அடுப்பின் திருகை மட்டுமன்றிச் சிலிண்டரையும் மூடுவதைச் சமைப்பவரின் கடமையாகவும், உறங்குமுன் அதனைப் பார்ப்பதைப் படகுத் தலைவரின் கடமையாகவும் கொள்வோமாக. கரையில் காத்திருக்கும் குடும்பங்களுக்கு நாம் செய்யும் சிறு கைம்மாறு அது.