ஒரே ஆண்டெனா, நான்கு கருவிகள்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் வருகிறவர்கள் வழியில் காதங்கியைக் கடந்திருப்பீர்கள். அங்குள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்தின் 53 மெகா ஹெர்ட்ஸ் ரேடாரில் 1024 ஆண்டெனாக்கள் ஒன்றுசேர்ந்து ஒரே வேலையைச் செய்கின்றன. எங்கள் தெருப் பிள்ளைகளின் சிக்கல் இதற்கு நேர்மாறு!

திருப்பதியில் பொறியியல் படிக்கும் அவர்கள், நான்கு ஜி.பி.எஸ். ரிசீவர்களை ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தார்கள். கையில் இருந்ததோ ஒரு ஆண்டெனா. கேபிள் டி.வி. ஸ்பிளிட்டரில் எல்லாவற்றையும் மாட்டினார்கள். ஒரு ரிசீவர் போயிற்று. விடுமுறையில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு பையன் வாங்கியது அது. "தாத்தா, சிக்னலைத்தானே பிரிச்சோம்?" என்று கேட்டான்.

சிக்னல் மட்டும் என்றால் பரவாயில்லை. மாடியிலுள்ள ஆண்டெனாவுக்குள் ஒரு சிறு பெருக்கி இருக்கிறது. அதற்கு வேண்டிய 3.3 அல்லது 5 வோல்ட் மின்சாரத்தை ரிசீவர் அதே கேபிள் வழியே மேலே அனுப்புகிறது. நான்கும் அனுப்பினால் ஒன்றின் மின்சாரம் மற்றொன்றுக்குள் பாயும். ஒற்றைத் தடத்தில் டோக்கன் ஒரு வண்டிக்குத்தான் என்பது ரயில்வேயில் நாங்கள் படித்த முதல் பாடம். இங்கும் மின்சாரம் தரும் உரிமை ஒரு ரிசீவருக்கே.

இதற்கு மலிவான வழி டி.டி.எச். ஸ்பிளிட்டர். கேபிள் டி.வி. ஸ்பிளிட்டர் பெரும்பாலும் 1000 மெகா ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். டி.டி.எச். வகை 950 முதல் 2150 வரை கடத்தும். ஜி.பி.எஸ். அலைவரிசையான 1575.42 அதன் நடுவில் வருகிறது. ஒரே முனையில் மட்டும் 'பவர் பாஸ்' உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். மாட்டும் முன் மல்டிமீட்டரால் ஒவ்வொரு முனையின் நடு ஊசிக்கும் உடலுக்கும் இடையே பாருங்கள். ஷார்ட் காட்டும் முனைக்கு டி.சி. பிளாக் ஒன்று போட வேண்டும். டிஷ் கேபிளை இதே ஸ்பிளிட்டரில் ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதில் 18 வோல்ட் வரை வரும்.

ரிசீவர் 50 ஓம், இது 75 ஓம் ஆயிற்றே என்பீர்கள். அதனால் போவது சுமார் 0.2 டெசிபல்தான். நான்காகப் பிரிப்பதில் 7 அல்லது 8, பதினைந்து மீட்டர் ஆர்.ஜி.6 கேபிளில் 4 அல்லது 5 டெசிபல் குறையும். பெருக்கி 28 டெசிபல் தந்தால் 15 மிஞ்சும், அது போதும்.

மின்சாரம் தராத ரிசீவர் 'ஆண்டெனா இல்லை' என்று காட்டலாம். செயற்கைக்கோள்கள் தெரிந்தால் கவலை வேண்டாம். ஒரே ஆண்டெனா என்பதால் நான்கும் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும். வேறுபட்டால் குறை கருவியில்தான். நில அளவையாளர்களும் இப்படிச் சோதிப்பதுண்டு.

ஒன்றை மறக்காதீர்கள்: மின்சாரம் தரும் ரிசீவரை அணைத்தால் மற்ற மூன்றும் குருடாகிவிடும். அந்தப் பையன் இப்போது அதன் மேல் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறான்: "டோக்கன் இங்கே."