வெளிநாட்டிலிருந்து ஒரு பிள்ளை: தத்தெடுக்க முன்னும் பின்னும்



முன்னைய இதழ் ஒன்றில் நீரிழிவு பற்றி எழுதியபோது, "உங்கள் தாய், தகப்பன், சகோதரங்களில் யாருக்காவது சலரோகம் இருந்தால் அதை உங்கள் ஜி.பி.யிடம் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தேன். அந்த இதழ் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த வாரம் ஒரு தாய் தனியாக என்னிடம் வந்தார்.

"டொக்டர், போனமுறை மகளுக்கு இரத்தம் எடுக்கேக்க நேர்ஸ் கேட்டவா, குடும்பத்தில ஆருக்கும் சலரோகம் இருக்கோ எண்டு. என்ர அப்பாவுக்கு இருந்தது எண்டு சொல்லிப்போட்டன். பிள்ளை பக்கத்தில இருந்தவள். வேற என்னத்தைச் சொல்லுறது?"

அந்தப் பிள்ளை வெளிநாட்டிலிருந்து தத்தெடுக்கப்பட்டவள் என்பது எனக்குத் தெரியும். பதிவேட்டிலும் இருக்கிறது. பெரியப்பா, சித்தி, கோயிலில் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவள் அந்தப் பதினொரு வயதுப் பிள்ளை ஒருத்திதான்.

வேறு குடும்பங்களுக்குப் பயன்படும் என்று அத்தம்பதியினர் தமது கதையை எழுத அனுமதி தந்தார்கள். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். எந்த நாடு என்பதையும் சொல்லவில்லை.

அவர்கள் வந்த பாதை

கலியாணம் முடித்து எட்டு வருடம் பிள்ளை இல்லை. நான்கு தடவை ஐ.வி.எப். சிகிச்சை. ஒவ்வொரு தடவையும் நம்பிக்கை, பிறகு அழுகை. கொண்டாட்டங்களுக்குப் போவதை விட்டுவிட்டார்கள். "இன்னும் விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்ற கேள்விக்குப் பயம்.

தத்தெடுக்கும் எண்ணம் வந்ததும் மூன்று வருடம் அலைந்தார்கள். சோஷல் வேர்க்கர் பல தடவை வீட்டுக்கு வந்தார். பிறந்த வளர்ந்த கதை, இடம்பெயர்ந்த கதை, வருமானம், கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்பது வரை கேட்டார். "உங்கட ஒபிசில அகதி விண்ணப்பத்துக்குக் கூட இவ்வளவு கேக்கேல்லை" என்று கணவர் பகிடி விட்டாராம். அகதியாக வந்த எனக்கு அந்தப் பகிடி நன்றாக விளங்கியது.

பிள்ளையைக் கூட்டி வந்தபோது அவளுக்குப் பதினொரு மாதம். முதல் இரவு அவள் அழவில்லை. நித்திரை விட்டெழுந்து இருட்டில் கண்ணைத் திறந்தபடி பேசாமல் கிடந்தாள். "என்ன நல்ல பிள்ளை" என்று எல்லோரும் மெச்சினார்கள். காப்பகத்தில் அழுதாலும் யாரும் வராததால் அழுவதையே விட்டுவிட்ட பிள்ளை அது. மூன்றாம் மாதம் அவள் முதன்முதலாக இரவில் வீரிட்டு அழுதபோது தாயும் சேர்ந்து அழுதாராம், சந்தோஷத்தில்.

முதலில் இங்கேயே கேளுங்கள்

"எங்கட ஆக்களுக்கு இஞ்ச பிள்ளை தரமாட்டாங்கள்" என்று பலர் கவுன்சிலில் விசாரிக்காமலே விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு மாண்டர் தம்பதியின் வழக்கைச் சொல்ல வேண்டும்.

சந்தீப் மாண்டரும் ரீனா மாண்டரும் இந்நாட்டில் பிறந்த சீக்கிய தம்பதியினர். மெய்டன்ஹெட்டில் வசித்தவர்கள். பிள்ளை இல்லாததால் தத்தெடுக்க விரும்பி உள்ளூர் சேவையை அணுகினார்கள். அங்கு வெள்ளையினப் பிள்ளைகளே இருப்பதாகவும், வெள்ளையினத்தவர்களுக்கே முன்னுரிமை என்றும் சொல்லி, அவர்களின் விண்ணப்பத்தை ஏற்கவில்லை. இந்தியாவிலிருந்து தத்தெடுப்பதை யோசிக்கும்படியும் சொல்லப்பட்டது. வேறு வழியின்றி அவர்கள் அமெரிக்காவிலிருந்து ஒரு ஆண் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். ஆனால் விடயத்தை அத்தோடு விடவில்லை. வின்ட்சர், மெய்டன்ஹெட் கவுன்சிலுக்கு எதிராக வழக்குப் போட்டார்கள். 2019 டிசம்பரில் ஒக்ஸ்போர்ட் நீதிமன்றம், இது இனப் பாகுபாடு என்று தீர்ப்பளித்து ஏறத்தாழ 120,000 பவுண் இழப்பீடு வழங்கியது. இதில் பாதியளவு வெளிநாட்டில் தத்தெடுக்க அவர்களுக்கு ஏற்பட்ட செலவு.

ஆகவே முதலில் இங்கே கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். இங்கிலாந்தில் 80,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அரச பராமரிப்பில் இருக்கிறார்கள். எல்லோரும் தத்துக்குரியவர்கள் அல்ல, கைக்குழந்தைகளும் குறைவு. ஆனால் நாலைந்து வயதுப் பிள்ளைகளும் சகோதரங்களாக இருவர் மூவரும் வீடு தேடிக் காத்திருக்கிறார்கள்.

வெளிநாடு என்றால் சட்டம் என்ன?

இங்கு வசிப்பவர்கள் வெளிநாட்டுப் பிள்ளையைத் தத்தெடுக்கும் ஒழுங்கு சுருக்கமாக இதுதான்.

1. உங்கள் கவுன்சில் அல்லது பதிவு பெற்ற தத்தெடுப்பு நிறுவனம் உங்களை மதிப்பீடு செய்ய வேண்டும். இதற்குப் பல ஆயிரம் பவுண் செலவாகலாம். உங்கள் ஜி.பி. நிரப்பும் மருத்துவப் படிவமும் இதில் அடங்கும். சலரோகமோ பிரஷரோ இருந்தால் மறைக்க வேண்டாம். கட்டுப்பாட்டில் உள்ள வருத்தம் தடையல்ல. மறைத்தது பிறகு தெரியவந்தால்தான் தடை.

2. அங்கீகாரம் கிடைத்ததும் கல்வி அமைச்சு பத்திரங்களைச் சரிபார்த்து, தகுதிச் சான்றிதழ் வழங்கி, மற்ற நாட்டுக்கு அனுப்பும்.

3. அந்த நாட்டு அதிகாரிகளே பிள்ளையைத் தெரிவு செய்வார்கள். இந்தியாவில் மத்திய தத்தெடுப்பு வள ஆணையம், இலங்கையில் நன்னடத்தை சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம். உள்ளூரில் குடும்பம் கிடைக்காத பிள்ளைக்கே வெளிநாடு என்பது 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையின் அடிப்படை. பிரித்தானியா, இந்தியா, இலங்கை மூன்றும் அதில் சேர்ந்த நாடுகள்.

4. ஹேக் முறைப்படி நடந்து, தத்தெடுப்பவர்களில் ஒருவராவது பிரித்தானியப் பிரசையாகவும் இருவரும் இங்கே நிரந்தரமாக வசிப்பவர்களாகவும் இருந்தால், பிள்ளைக்குப் பிரசாவுரிமை தானாகவே கிடைக்கும்.

நம்மவர்கள் தவறு விடும் இடம் ஒன்று உண்டு. "அண்ணைக்கு நாலு பிள்ளையள், கடைசியைத் தாறன் எண்டு சொல்லுறார். கூட்டிக்கொண்டு வந்து எங்கட பிள்ளையா வளர்க்கலாம்தானே?" என்று கேட்கிறார்கள். ஊரில் பிள்ளை இல்லாத சகோதரிக்கு ஒரு பிள்ளையைக் கொடுப்பது நமக்குப் பழக்கமான விடயம்தான். ஆனால் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மதிப்பீடும் அங்கீகாரமும் இல்லாமல் தத்தெடுக்கும் நோக்கத்துடன் பிள்ளையை இந்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். பன்னிரண்டு மாதம் வரை சிறையும் அபராதமும் விதிக்கப்படலாம். சொந்தக்காரருக்கும் இது பொருந்தும். ரிக்கெட் எடுக்க முன் சட்டத்தரணியைக் காணுங்கள்.

ஏன் இத்தனை கெடுபிடி?

நமது நாட்டின் கதையே பதில். 1980களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். மொத்தம் 11,000 வரை இருக்கலாம் என்று 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி ஒன்று மதிப்பிட்டது. போலிப் பிறப்புச் சான்றிதழ்கள், காசுக்குத் தாயாக நடித்த பெண்கள், குழந்தை இறந்துவிட்டது என்று ஏமாற்றப்பட்ட தாய்மார் என்று பல விடயங்கள் வெளிவந்தன. அன்றைய சுகாதார அமைச்சரும் இதை ஒப்புக்கொண்டார். 2020இல் சுவிற்சர்லாந்து அரசு தன் பங்குக்கு வருத்தம் தெரிவித்தது. 2021இல் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்புகளை இடைநிறுத்தியது. அப்படிப் போன பிள்ளைகள் நாற்பது வயதில் தாயைத் தேடி இலங்கைக்கு வருகிறார்கள். கையிலுள்ள பத்திரத்தில் இருக்கும் பெயர் பொய்.

சுனாமியின்போது நம்மவர் பலர் "அநாதைப் பிள்ளை ஒன்றை எடுக்கலாமா" என்று கேட்டார்கள். நல்ல மனது. ஆனால் கல்முனையை நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 அன்று அங்குள்ள வைத்தியசாலையில் 81ஆவதாக அனுமதிக்கப்பட்ட கைக்குழந்தை "பேபி 81" என்று உலகச் செய்தியானது. பலர் தமது பிள்ளை என்கிறார்கள் என்று செய்தி வந்தது. 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனை செய்து, உயிரோடிருந்த சொந்தத் தாய் தகப்பனிடம் குழந்தை ஒப்படைக்கப்பட்டது. முதல் வாரத்திலேயே அந்தப் பிள்ளையை யாராவது "அநாதை" என்று விமானத்தில் ஏற்றியிருந்தால்?

பிள்ளை வந்ததும் வைத்தியர் பார்க்க வேண்டியவை

அங்கிருந்து வரும் மருத்துவக் கோவையை, சம்மதம் சொல்ல முன்னரே இங்குள்ள குழந்தை வைத்தியர் ஒருவரிடம் காட்டுங்கள். பிறந்தபோது நிறை, தலைச் சுற்றளவு, மாதாமாதம் நிறை கூடிய விதம் ஆகியவை படத்தை விட அதிகம் சொல்லும்.

வந்த முதல் வாரத்திலேயே ஜி.பி.யிடம் பதியுங்கள். அங்கே செய்த பரிசோதனைகளை இங்கே மீண்டும் செய்ய வேண்டி வரலாம். எந்த நாட்டிலிருந்து வந்த பிள்ளை என்பதைப் பொறுத்து ஹெபடைற்றிஸ் பி, சி, எச்.ஐ.வி., சிபிலிஸ், காசநோய், இரத்தச்சோகை, தலசீமியா, தைரொயிட், விற்றமின் டி குறைபாடு, குடற்புழுக்கள் ஆகியன பார்க்கப்படும். கண்ணும் காதும் கட்டாயம் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு நம்பகமான பதிவு இல்லாவிட்டால் போடப்படவில்லை என்றே கொண்டு முதலிலிருந்து தொடங்குவோம்.

மெலிந்த பிள்ளையைக் கண்டதும் திணித்துத் தீத்த வேண்டாம். பழகிய பாலையும் உணவையும் முதலில் கொடுத்து மெல்ல மெல்ல மாற்றுங்கள். நல்ல பராமரிப்பில் பெரும்பாலான பிள்ளைகளின் நிறையும் உயரமும் விரைவாகத் தேறும். பெண் பிள்ளைகள் சிலர் வழமையை விட முந்திப் பெரிய பிள்ளையாகலாம். எட்டு வயதுக்கு முன் மாற்றங்கள் தெரிந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

மனவளர்ச்சி பற்றி இலண்டனிலேயே ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ருமேனியாவில் 1989இல் ஆட்சி வீழ்ந்தபின், அங்கிருந்து பிரித்தானியாவுக்குத் தத்து வந்த 165 பிள்ளைகளைப் பேராசிரியர் மைக்கல் ரட்டரும் அவரது குழுவினரும் வளர்ந்து ஆளாகும் வரை தொடர்ந்து அவதானித்தார்கள். ஆறு மாதத்துக்குக் குறைவாகக் காப்பகத்தில் இருந்தவர்கள், இங்கேயே தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதைவிடக் கூடிய காலம் அந்த மோசமான நிலையில் இருந்தவர்களில் பலருக்குக் கவனக்குறைவு, பழகுவதில் சிக்கல் போன்றவை வளர்ந்த பின்னும் இருந்தன. ஆனால் அவர்களிலும் ஒரு பகுதியினர் எந்தக் குறையுமின்றி வளர்ந்தார்கள். காலம் முக்கியம், ஆனால் காலம் மட்டுமே தலையெழுத்து அல்ல.

எல்லோரும் தூக்க வேண்டாம்

நான் சொன்ன தம்பதியினர் பிள்ளை வந்த இரண்டாம் வாரமே மண்டபம் எடுத்து அறுபது பேரைக் கூப்பிட்டார்கள். பிள்ளை கை மாறிக் கை மாறிப் போனாள். எல்லோரிடமும் சிரித்துக்கொண்டு போனாள். "என்ன சோலி இல்லாத பிள்ளை" என்றார்கள். யார் தன் ஆள் என்று தெரியாத பிள்ளைதான் எல்லோரிடமும் போகும்.

முதல் சில மாதம் தாயும் தகப்பனும் மட்டுமே சாப்பாடு தீத்துங்கள், குளிப்பாட்டுங்கள், நித்திரையாக்குங்கள். அம்மம்மா, சித்திமார் சமைத்துக் கொண்டுவரட்டும், உடுப்புத் தோய்க்கட்டும். பிள்ளையைப் பிறகு ஆசைதீரத் தூக்கலாம்.

பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "ஆர் பெத்த பிள்ளையோ, என்ன சாதியோ" என்று கேட்காதீர்கள். காதோடு காதாகவும் கேட்காதீர்கள். பிள்ளைகளின் காது கூர்மையானது.

சொல்வதா, மறைப்பதா?

சொல்லுங்கள். கைக்குழந்தையாக இருக்கும்போதே அந்தச் சொல்லை வீட்டில் சாதாரணமாகப் புழங்க விடுங்கள். நாலைந்து வயதில் ஒரு கதையாகச் சொல்லுங்கள். "பதினெட்டு வரட்டும்" என்று தள்ளிப் போடாதீர்கள். மறைத்தது ஒருநாள் தெரியவரும்: பத்திரம் ஒன்றில், சண்டை ஒன்றில், அல்லது எச்சிலைத் தபாலில் அனுப்பும் மரபணுப் பரிசோதனை ஒன்றில். அப்போது பிள்ளைக்கு வலிப்பது தத்தெடுத்தது அல்ல, பொய் சொன்னது.

வைத்தியக் காரணமும் உண்டு. பொய்யான குடும்ப வரலாறு, வரலாறு இல்லாததை விடக் கெடுதல். "தெரியாது" என்று எழுதியிருந்தால் நாங்கள் கவனமாக இருப்போம், வேளைக்குப் பரிசோதிப்போம்.

பத்திரங்கள், காப்பகத்தில் எடுத்த படம், வரும்போது போட்டிருந்த சட்டை எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். 1739இல் இலண்டனில் தொடங்கிய அநாதைக் குழந்தைகள் இல்லத்தில், பிள்ளையை விட்டுச் சென்ற தாய்மார் அடையாளமாக ஒரு துண்டுச் சீலை, ஒரு நாணயம் என்று வைத்துவிட்டுப் போனார்கள். இன்றும் பிரன்ஸ்விக் சதுக்கத்திலுள்ள அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். நான் இந்நாட்டுக்கு வந்தபோது கைப்பையில் சான்றிதழ்கள் இருந்தன, அம்மாவின் படம் ஒன்றுகூட இருக்கவில்லை. அதன் குறை எனக்குத் தெரியும்.

அந்தத் தாயும் தகப்பனும் ஒரு சனிக்கிழமை மகளை இருத்திவைத்துச் சொன்னார்கள். அதற்கு முன் ஒரு மாதம் ஆலோசகர் ஒருவரிடம் போனார்கள். மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப என்ர பேர்த்டே சரியான நாளோ?" என்று கேட்டாளாம். காப்பகம் உத்தேசமாகப் போட்ட திகதி அது. "சரியாத் தெரியாது அம்மா" என்று உண்மையைச் சொன்னார்கள். இரண்டு நாள் கோபம். சித்திக்கும் தெரியும் என்று அறிந்தபோது இன்னும் கோபம். பிறகு பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போனாளாம். இப்போதும் சில நாள் கேள்வி வருகிறது, சில நாள் கதவு சாத்துப்படுகிறது. அதற்கும் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

சென்ற மாதம் மூவரும் வந்தார்கள். குடும்ப வரலாற்றைத் திருத்த வேண்டும் என்று மகளே சொன்னாள். அவள் பார்த்துக்கொண்டிருக்க, "தெரியாது" என்று பதிவேட்டில் எழுதினேன்.

(இங்கு கூறப்பட்டவை பொதுவான விளக்கங்களே. உங்கள் நிலைமைக்கு ஜி.பி.யையும், சட்ட விடயங்களுக்குச் சட்டத்தரணியையும் நாடவும்.)