சிறை வாசலுக்கு அப்பால்

1930-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம். ராஜாஜியின் தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்தை நோக்கி நடந்தார்கள். அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்போர் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். தஞ்சை ஜில்லாவாசிகள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள்! தேசத்துக்காகச் சிறை சென்று மீண்டவர்களை ஊர் மாலையிட்டு வரவேற்றது.

குற்றம் செய்து சிறை சென்றவன் மாலையை எதிர்பார்ப்பதில்லை. அவனுக்கு வேண்டியது வேலை. அது கிடைக்கிறதா என்பதே கேள்வி.

திருச்சி மத்திய சிறையிலிருந்து பங்குனி மாதத்தில் ஒருவன் விடுதலையாகித் தஞ்சைப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குத் திரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். சம்பா அறுவடை முடிந்துவிட்டது. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம்; ஆற்றுத் தண்ணீரை நம்பிய வயல்களில் அதற்குப் பிறகே நடவு. அறுவடைக்கோ இயந்திரம் வந்துவிட்டது. ஊரில் மற்றவர்களுக்கே வேலை அருமையாயிருக்கும்போது இவனை யார் கூப்பிடுவார்கள்? களத்தில் ஒரு மூட்டை நெல் குறைந்தால் முதலில் அடிபடுவது இவன் பெயர்தான்.

இது புதிய கவலையன்று. தண்டிப்பதோடு சிறையின் கடமை முடிவதில்லை, திருத்தி நல்வழிப்படுத்தவும் வேண்டும் என்று 1919-20-ஆம் வருஷத்து இந்தியச் சிறைக் கமிட்டியே வற்புறுத்தியது. கைதிகளின் உழைப்புக்கு நியாயமான கூலி தரவேண்டும் என்றும், குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கு அதில் ஒரு பங்கு சேரவேண்டும் என்றும் சுப்ரீம் கோர்ட்டு 1998-இல் தீர்ப்பளித்தது. நமது மாகாணத்துச் சிறைகளில் நெசவும் தையலும் கற்பிக்கப்படுகின்றன. புழல், வேலூர் முதலிய இடங்களில் சிறைத் துறையின் பெட்ரோல் நிலையங்களில் கைதிகளே வேலை செய்கிறார்கள்.

ஆயினும், உள்ளே கற்ற தொழில் வெளியே வந்ததும் அறுந்து போனால் பயன் என்ன? 1958-ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டம், நன்னடத்தையின் பேரில் விடப்பட்டவருக்குத் தண்டனைத் தீர்ப்பினால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. சிறையிலேயே தண்டனையைக் கழித்தவனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஆகையால், விடுதலைக்குச் சில மாதங்கள் முன்பே வேலை பேசி முடிக்கவேண்டும். அரிசி ஆலைக்காரர், கொத்துமேஸ்திரி, தையல் கடைக்காரர் ஆகியோரைச் சிறைக்கே அழைத்து, அவன் கைத்திறனைக் காட்டவேண்டும். தொழிற் சான்றிதழில் சிறையின் பெயர் இருக்கக்கூடாது. நெல் களஞ்சியத்தின் சாவியை முதல் நாளே அவனிடம் கொடுக்கும்படி யாரும் சொல்லவில்லை. நாட்கூலியில் ஆரம்பித்து நம்பிக்கையைப் படிப்படியாக வளர்க்கலாமே!

சட்டம் தடுத்தபோதும் மரத்தில் சோறு கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா நாம்? இன்று எந்தக் கலெக்டரும் தடுக்கவில்லை. தடுப்பது நம் மனம் ஒன்றுதான்.