உஷார்! மாரடைப்பில் தப்பிய இளையவர்களே, ஆபத்து இன்னும் போகவில்லை

முப்பத்தைந்து, நாற்பது வயதில் மாரடைப்பு வந்து, தப்பிப் பிழைத்து வீட்டுக்கு வந்தவர் உங்கள் குடும்பத்தில் இருக்கிறாரா? தம்பியா? மருமகனா? கணவரா? மகளா? கையில் இருக்கிற வேலையை வையுங்கள். முதலில் இதைப் படியுங்கள்.

“ஸ்டென்ட் வைச்சாச்சு. இனிப் பயமில்லை.”

கட்டுகஸ்தோட்டையிலும் கேட்கிறது, கம்பளையிலும் கேட்கிறது, கலஹா தோட்டத்து லயத்திலும் கேட்கிறது. இந்தப் பேச்சை நம்பாதீர்கள். இது ஆளை விழுத்துகிற பேச்சு!

கண்டியை அண்டிய ஓர் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். டெலிவரி லொறி ஓட்டுகிற பிள்ளை. வயது 38. இரண்டு சின்னப் பிள்ளைகளின் தகப்பன். முதல் அட்டாக் வந்தபோது நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஸ்டென்ட் வைத்தார்கள். சில நாளில் வீட்டுக்கு வந்துவிட்டான். கையில் ஒரு குளிசைப் பை, ஒரு கிளினிக் கொப்பி.

முதல் இரண்டு மாதம் தாய் காவல் இருந்தாள். உப்புக் குறைத்த கறி. சிகரட் கிடையாது. மூன்றாம் மாதம் உடம்பு தேறியது. நெஞ்சு நோ இல்லை. மேட்டில் ஏறினாலும் மூச்சு வாங்கவில்லை. அங்கேதான் சனியன் பிடித்தது. “நல்லாத்தானே இருக்கன், எதுக்கு இத்தனை குளிசை?” வயிறு எரிகிறது என்று ஒன்றை நிறுத்தினான். கிளினிக் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்று ஒரு தவணையை விட்டான். பிறகு அடுத்த தவணையையும் விட்டான். பிளேன்டீயோடு ஒரு சிகரட். ஒன்றுதானே!

ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்வந்த அடுத்த விடியற்காலை, நெஞ்சுக்குள் இறுக்கம். “ராத்திரித் தின்ற கொத்து சரியில்லை, கேஸ்” என்றான். சோடா குடித்தான். மருந்துக்கடையில் கேஸ்ட்ரிக் குளிசை வாங்கினான். மத்தியானம் வியர்த்துக் கொட்டி விழுந்தபிறகுதான் அம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள்.

உயிர் இருக்கிறது. ஆனால் இதயம் இரத்தத்தைத் தள்ளும் பலம் பாதியாகிவிட்டது. லொறி ஓட்ட முடியாது. சின்னவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் படி ஏற முடியாது. வயது இன்னும் நாற்பது ஆகவில்லை!

அவன் நிறுத்திய குளிசைதான் அந்த ஸ்டென்ட்டைக் காத்துக்கொண்டிருந்தது.

நன்றாகக் கேளுங்கள். கடுகண்ணாவையில் மண் சரிந்து மூடிய பாதையை ஓரிடத்தில் வெட்டித் திறந்தால் வாகனம் ஓடும். ஆனால் மேலே இருக்கிற மலை அதே ஈர மலைதான். ஸ்டென்ட்டும் அப்படியே. அடைத்த ஓரிடத்தைத் திறந்துவிடும். மற்றக் குழாய்களில் படிந்த கொழுப்பும், அதைப் படியவைத்த சிகரட்டும் சீனி வருத்தமும் பிரஷரும் அப்படியே இருக்கின்றன.

“இளம் உடம்பு, தாங்கும்” என்று நினைக்காதீர்கள். 2004இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 52 நாடுகளில் நடந்தது. இலங்கையும் அதில் இருந்தது. முதல் மாரடைப்பு வருகிற சராசரி வயது மற்ற நாடுகளில் ஏறத்தாழ 59. நம்முடைய தெற்காசியாவில் 53. நமக்கு ஆறு வருடம் முந்தியே வருகிறது! அமெரிக்காவின் பொஸ்டனில், 50 வயதுக்குள் மாரடைப்பு வந்தவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். நாற்பதும் அதற்குக் குறைவும் ஆனவர்கள், நாற்பதைத் தாண்டியவர்களைவிட நன்றாக இருந்தார்களா? இல்லை. இரண்டு கூட்டத்துக்கும் கதி ஒன்றுதான். வயது யாரையும் காப்பாற்றவில்லை. ஆனால் அதே ஆட்களிடம் இன்னொன்றும் தெரிந்தது. ஒரு வருடத்துக்குள் சிகரட்டை விட்டவர்களின் மரணம், விடாதவர்களின் மரணத்தில் பாதிக்கும் கீழே.

சிகரட் ஒன்றுகூட வேண்டாம். பீடியும் வேண்டாம். புகையிலை போட்ட வெற்றிலையும் வேண்டாம்.

இப்போது குளிசைப் பையைத் திறவுங்கள். எது எதற்கு என்று தெரியாததால்தான் நிறுத்துகிறோம்.

அஸ்பிரினும் குளோபிடொக்ரெலும் ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் கட்டிபடாமல் தடுப்பவை. இரண்டும் சேர்த்து வழக்கமாக ஒரு வருடம். அஸ்பிரின் பொதுவாக ஆயுள் முழுக்க. இடையில் நிறுத்தினால் ஸ்டென்ட் திடீரென்று அடைபடலாம். பல் பிடுங்கப் போனாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் டொக்டரிடம் சொல்லுங்கள், அவர் இதய டொக்டரைக் கேட்டு முடிவு செய்யட்டும்.

அட்டோவஸ்டாட்டின் கொலஸ்ட்ரோலுக்கு. “ரிப்போர்ட் நல்லா வந்திட்டுது” என்று நிறுத்துகிறார்கள். ஐயோ, நல்லா வந்ததே அந்தக் குளிசையால்தான்! மாரடைப்பு வந்தவருக்குக் கெட்ட கொலஸ்ட்ரோல் 70க்குக் கீழே, முடிந்தால் 55க்குக் கீழே இருக்கவேண்டும். சாதாரண ஆளுக்குச் சரியான அளவு உங்களுக்குச் சரியில்லை.

பிசொப்ரோலோல், எனலாபிரில் போன்றவை அடிபட்ட இதயம் இன்னும் பலவீனப்படாமல் காப்பவை. வயிறு எரிந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். மருந்துக்கடையில் நீங்களாக வாங்காதீர்கள். ஒமெப்ரசோல் என்ற கேஸ்ட்ரிக் குளிசை குளோபிடொக்ரெலின் வேலையைக் குறைக்கக்கூடும். அதற்கு வேறு குளிசை இருக்கிறது.

இந்த அறிகுறிகள் வந்தால் சோடா வேண்டாம், இஞ்சித் தண்ணி வேண்டாம், நல்லெண்ணெய் பூசவும் வேண்டாம்!

• நெஞ்சில் இறுக்கம், பாரம், எரிவு. கைக்கோ, தாடைக்கோ, முதுகுக்கோ ஓடுகிற நோ.
• காரணமில்லாமல் குளிர்ந்த வியர்வை, சத்தி, தலைச்சுற்று.
• நேற்று ஏறிய அதே படியில் இன்று மூச்சு வாங்குவது.
• படுத்தால் மூச்சு முட்டி எழும்பி உட்காருவது. இரவில் புதிதாக இருமல்.
• கால் வீக்கம். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடுவது.
• படபடப்பு, கண் இருட்டி மயங்குவது.
• பெண்களுக்குச் சிலவேளை பெரிய நோ இருக்காது. அசதி, மூச்சிளைப்பு, மேல்வயிற்று நோ மட்டும் வரும். “வீட்டு வேலைக் களைப்பு” என்று விட்டுவிடாதீர்கள், தங்கச்சி!

முதல் மூன்றில் ஏதாவது வந்தால் உட்காருங்கள். நாக்கின் கீழ் வைக்கும் குளிசை தந்திருந்தால் ஒன்று வையுங்கள். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் 1990. சுவசெரிய அம்புலன்ஸ், காசு வேண்டாம். நாக்கின் கீழ்க் குளிசை இல்லாதவர் ஐந்து நிமிடம்கூடக் காத்திருக்கவேண்டாம். மயங்கி விழுந்தாலும் உடனே 1990. மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். மலைப் பாதையில் போகிற ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கிற ஆபத்துகளும் உண்டு. இவை பலருக்குத் தெரியாது.

டெங்கு! கண்டியில் மழை விட்டால் நுளம்பு. அஸ்பிரினும் குளோபிடொக்ரெலும் எடுப்பவருக்கு டெங்கு வந்தால் இரத்தக்கசிவு ஆபத்து இரண்டு பக்கமிருந்தும் வரும். காய்ச்சல் தொடங்கிய முதல் நாளே டொக்டரிடம் போங்கள். “நான் இதயக் குளிசை எடுக்கிறேன்” என்று வாய்திறந்து சொல்லுங்கள். நீங்களாகத் தொடரவும் வேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

நோவுக் குளிசை! முதுகு நோ, பல் நோ என்று டைக்குளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கி விழுங்காதீர்கள். மாரடைப்பு வந்தவருக்கு இன்னொன்றை வரவழைக்கும் ஆபத்து அவற்றில் இருக்கிறது. பரசிற்றமோல் போதும்.

வெட்கப்படாமல் கேளுங்கள், தம்பிமாரே. வயாகரா வகைக் குளிசையும் நாக்கின் கீழ்க் குளிசையும் ஒன்று சேர்ந்தால் பிரஷர் பாதாளத்துக்கு விழும். உயிரே போகலாம்.

பெண் பிள்ளைகளே! மாரடைப்பு வந்தபிறகு வழமையான கர்ப்பத்தடைக் குளிசை ஆகாது. பிள்ளை பெற நினைத்தால் முதலில் டொக்டரிடம் கேளுங்கள். எனலாபிரில் வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு செய்யும்.

குளிசையின் நிறம் மாறினால் பயந்து நிறுத்தாதீர்கள். கொம்பனி மாறியிருக்கும். கிளினிக்கில் காட்டிக் கேளுங்கள். 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளே நின்றதை மறந்துவிடாதீர்கள். பாதை மூடலாம், கடையில் முடியலாம். பை காலியாகும்வரை இருக்கவேண்டாம். இரண்டு கிழமைக்கு முந்தியே அடுத்த மருந்துக்கு வழி பாருங்கள்.

மனமும் உஷார். சிரித்துத் திரிந்த பிள்ளை பேசாமல் இருக்கிறானா? நித்திரை இல்லையா? எரிந்து விழுகிறானா? மாரடைப்புக்குப் பிறகு மனச்சோர்வு நிறையப் பேருக்கு வருகிறது. வந்தால் குளிசையும் தவறும், நடையும் தவறும். “ஆம்பிளை, தாங்குவான்” என்று விடாதீர்கள். அதற்கும் வைத்தியம் உண்டு.

இலங்கையின் முதல் இதயமாற்றுச் சத்திரசிகிச்சை 2017இல் நடந்தது எங்கே தெரியுமா? இதே கண்டி ஆஸ்பத்திரியில். அவ்வளவு கெட்டிக்கார டொக்டர்மார் பக்கத்தில் இருக்கிறார்கள். ஆனால் எந்த டொக்டரும் உங்கள் வீட்டுக்கு வந்து இரவுக் குளிசையை வாயில் போடமாட்டார்.

ஆகவே, செய்யவேண்டியது இதுதான்.

கிளினிக் தவணை ஒன்றுகூடத் தவறக்கூடாது. எக்கோ எடுத்து, இதயம் தள்ளும் பலம் எத்தனை சதவீதம் என்று கேட்டு எழுதிவையுங்கள். 55க்கு மேல் என்றால் நிம்மதி. 35க்கு இறங்கினால் துடிப்பு திடீரென்று குழம்பி ஆள் விழலாம். அதைத் தடுக்கவும் வழி இருக்கிறது, கேளுங்கள். டொக்டர் சரி சொன்னபிறகு நடவுங்கள். முதலில் சமதரையில், கண்டி வாவியைச் சுற்றி. ஹந்தானை ஏற்றம் பிறகு பார்க்கலாம். கிழமைக்கு ஐந்து நாள், அரைமணி நேரம். உப்பு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள். கருவாடும் ஊறுகாயும் அந்தக் கணக்குக்குள்தான்.

கடைசியாக ஒன்று, இதுதான் எல்லாரும் மறப்பது. 55 வயதுக்குள் ஓர் ஆணுக்கோ, 65 வயதுக்குள் ஒரு பெண்ணுக்கோ மாரடைப்பு வந்தால், கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து கூடுகிறது. அண்ணனுக்கு வந்ததா? தம்பியும் தங்கச்சியும் இந்தக் கிழமையே பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் பாருங்கள். அரச ஆஸ்பத்திரியில் காசில்லாமல் பார்க்கலாம். “எனக்கு ஒண்டுமில்லை” என்றுதான் அண்ணனும் சொன்னான்.

இப்போதே எழும்புங்கள். கிளினிக் கொப்பியை எடுங்கள். அடுத்த தவணை எப்போது? குளிசை எத்தனை நாளுக்கு இருக்கிறது? இரண்டுக்கும் பதில் தெரியாமல் இன்றிரவு படுக்கப் போகாதீர்கள்!