கம்பிவழியும் அலைவழியும்



"வீட்டில் வைஃபை இருக்கிறது. கைப்பேசியில் கோடுகள் எல்லாம் நிறைந்து நிற்கின்றன. ஆனாலும் பிள்ளையின் பாடம் வரவில்லையே!" என்று தாய்மார்கள் பலர் கேட்பதுண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது இந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு எழுந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் சபா மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவி, தேர்வு எழுத அலை கிடைக்கும் இடம் தேடி மரத்தின்மீது ஏறி அமர்ந்த செய்தியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பழுது எந்த இடத்தில் என்று சொல்லத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதற்குச் சில சொற்கள் தெரிய வேண்டும். அவற்றை இன்று ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற்சொல் வலையமைப்பு. நெட்வொர்க் என்று சொல்கிறார்களே, அதுதான். இரண்டு கணினிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும்படி இணைக்கப்பட்டாலே அது ஒரு வலையமைப்பு. ஒரு வீட்டுக்குள்ளோ, பள்ளிக்குள்ளோ இருப்பது உள்ளூர் வலையமைப்பு. உலகெங்கும் உள்ள இப்படிப்பட்ட வலையமைப்புகளை ஒன்றாகச் சேர்த்தது இணையம். இணையம் என்னும் இந்த அழகிய சொல்லை நமக்கு வழங்கியவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி அவர்கள்.

இரண்டாவது சொல் பொட்டலம். நாம் அனுப்பும் படமோ, பேச்சோ ஒரே மூட்டையாகப் போவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் மீண்டும் ஒன்றாகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின்மேலும் அனுப்புவது யார், பெறுவது யார் என்று எண்களால் ஆன முகவரி இருக்கும். அதற்கு ஐ.பி. முகவரி என்று பெயர்.

முகவரி இருந்தால் மட்டும் போதுமா? பிரித்துக் கொடுக்க ஆள் வேண்டாமா? முன்பெல்லாம் தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் ஆபீசுக்குத்தான் வரும். கிராணியார் பெயரைப் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். நாம் எழுதும் கடிதங்களும் அங்கிருந்தே பட்டணத்துத் தபால் நிலையத்துக்குப் போகும். இந்த வேலையைச் செய்யும் பெட்டிதான் ரௌட்டர். வீட்டில் எத்தனை கைப்பேசி, எத்தனை கணினி இருந்தாலும், வந்த பொட்டலம் யாருக்கு உரியது என்று பார்த்து அனுப்புவது அதுவே.

மோடம் என்பது வேறு. வெளியிலிருந்து வரும் தந்தியின் குறிகளை வீட்டுக் கருவிகளுக்குப் புரியும் குறிகளாக மாற்றித் தரும் மொழிபெயர்ப்பாளர் அது. ஒளியிழை என்னும் மெல்லிய கண்ணாடி இழைவழி இணையம் வரும் வீடுகளில், ஒளியை மின்குறியாக மாற்றும் ஒரு பெட்டி இந்த வேலையைச் செய்கிறது. சில வீடுகளில் இரண்டு வேலைகளையும் ஒரே பெட்டி செய்வதால்தான் பெயரில் குழப்பம் வருகிறது.

இனி, ரௌட்டரிலிருந்து கருவிக்குச் செல்லும் வழிகளைப் பார்ப்போம். ஒன்று கம்பிவழி. ஈதர்நெட் என்னும் இம்முறையை 1973ஆம் ஆண்டு அமெரிக்காவில் ராபர்ட் மெட்காஃப் என்பவர் வகுத்தார். இன்று வழக்கத்தில் உள்ள ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கும். அருகிலுள்ள மின்கருவிகளின் தொந்தரவைக் குறைக்கவே இந்த முறுக்கு. செப்புக் கேபிளை ஏறக்குறைய 100 மீட்டர் வரை இழுக்கலாம்.

மற்றொன்று அலைவழி. கம்பியில்லாமல் செய்தி அனுப்புவது வானொலி கேட்கும் நமக்குப் புதிதல்லவே! 1971ஆம் ஆண்டிலேயே ஹவாய்ப் பல்கலைக்கழகத்தார், தீவுகளுக்கிடையே கம்பி போடாமல், வானொலி அலைகளால் கணினிகளை இணைத்தார்கள். வைஃபைக்கான பொதுவிதி 1997இல் வெளிவந்தது. வைஃபை என்னும் பெயர் 1999இல் வழக்கத்துக்கு வந்தது.

எஃப்.எம். வானொலி 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளில் வருகிறது. வைஃபை பெரும்பாலும் 2,400, 5,000 மெகாஹெர்ட்ஸ் அளவிலுள்ள அலைகளில் இயங்குகிறது. அதன் ஆற்றலும் மிகச் சிறியது. ஆகவே நெடுந்தூரம் போகாது. சிமெண்டுச் சுவர் அதைத் தளரச் செய்யும். தகரம் தடுத்துவிடும். மழையில் நனைந்த இலைகளும் உறிஞ்சிக்கொள்ளும். 5,000 அளவிலுள்ள அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் சோர்ந்துவிடும். ஆதலால் ரௌட்டரை அலமாரிக்குள் பூட்டாமல், வீட்டின் நடுவில் சற்று உயரமாக வைப்பது நல்லது.

கைப்பேசி டேட்டா வைஃபை அன்று. அது கோபுரத்திலிருந்து நேராக வருவது. மலேசியாவில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டது. எனவே 4ஜி வசதி இல்லாத பழைய கைப்பேசியில் எவ்வளவு பணம் போட்டாலும் பாடம் பார்க்கும் அளவுக்கு டேட்டா வராது. பழைய கைப்பேசி வாங்குவோர் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். விளம்பரத்தில் காண்பது மெகாபிட். கோப்பின் அளவைக் குறிப்பது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். நொடிக்கு 100 மெகாபிட் என்றால் நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான். வீட்டில் நால்வர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால், அதையும் நால்வரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது முதலில் எழுந்த கேள்விக்கு விடை சொல்லலாம். கைப்பேசியில் உள்ள வைஃபை கோடுகள், கைப்பேசிக்கும் ரௌட்டருக்கும் இடையிலுள்ள அலையின் வலிமையை மட்டுமே காட்டுகின்றன. ரௌட்டருக்கு அப்பால் கம்பி அறுந்து கிடந்தாலும் கோடுகள் நிறைந்தே நிற்கும். கிராணியார் பக்கத்தில் இருக்கிறார், ஆனால் பட்டணத்துப் பாதை உடைந்துவிட்டது என்பது போல!

ஆகவே பாடம் வரவில்லையென்றால், முதலில் வீட்டிலுள்ள வேறொரு கைப்பேசியில் பாருங்கள். அதில் வந்தால் குறை முதல் கைப்பேசியில். எதிலுமே வரவில்லையென்றால் ரௌட்டரின் அருகில் போய்ப் பாருங்கள். அங்கே வந்தால் குறை தூரத்தில் அல்லது சுவரில். அங்கும் வராவிட்டால் பெட்டிகளை அணைத்து, சற்றுப் பொறுத்து மீண்டும் போடுங்கள். ஒளியிழைப் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று பொருள். அப்போது நிறுவனத்தை அழைத்து, "வைஃபை இல்லை" என்று சொல்லாமல், "வைஃபை இருக்கிறது, வெளித்தொடர்பு இல்லை, சிவப்பு விளக்கு எரிகிறது" என்று சொல்லுங்கள். அழைத்த நாளையும் நேரத்தையும், அவர்கள் தரும் புகார் எண்ணையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

சரியான சொல்லைச் சொல்லிக் கேட்பவரை யாரும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. பிள்ளைகளின் படிப்பு இந்தக் கம்பியையும் அலையையும் நம்பியிருக்கும்போது, பெற்றோரும் இச்சொற்களை அறிந்திருப்பது அவசியம்.